கரி பஸ்ஸின் பின்பெஞ்சு

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது எனக்கு வயது இருபத்தாறு. என் வேலைக்கு வயதாகிவிட்டது, அவ்வளவுதான். உலகச் சண்டை முடிந்து பெட்ரோல் மறுபடி வரத் தொடங்கியதும், சேலத்துப் பஸ்களின் முதுகிலிருந்த கரி உருளைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். கடைசி உருளை இறங்கியதோடு அவற்றைப் பரிசோதிக்கும் ஆளுக்கும் தேவை இல்லாமல் போயிற்று.

இப்போது பணிமனையில் சேர்ந்திருக்கும் புது மெக்கானிக்குகள் அந்த உருளைகளில் மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறார்கள். போன வாரம் அந்தப் பக்கம் போனபோது ஒருவர், "பஸ்ஸு கரியிலயா ஓடுச்சு? நெசமாலுங்களா?" என்று கேட்டார். உடனிருந்தவர், "நீங்களே எழுதிக் குடுத்துருங்க அம்மிணி, நாங்க சொன்னா ஆரும் நம்பமாட்டாங்க" என்றார். அதற்காக இதை எழுதுகிறேன்.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. திருச்செங்கோட்டுப் பக்கம் புன்செய்க் காடு வைத்திருந்த என் அப்பா, பெண்ணை இன்டர்மீடியட் வரை ரசாயனம் படிக்க வைத்தார். சித்தப்பா பஸ் கம்பெனியில் ஒரு பங்குதாரர். பயிற்சி பெற்ற ஆண்கள் பட்டாளத்துக்குப் போய்விட்டதால், கரிவாயு தெரிந்த ஆள் கம்பெனிக்கு அவசரமாக வேண்டியிருந்தது. சென்னைக்கு அனுப்பிச் சில வாரம் பயிற்சி கொடுத்தார்கள். திரும்பி வந்ததும் "பாய்லர் அம்மிணி" என்ற பெயர் எனக்குத் தயாராக இருந்தது.

உண்மையான பயிற்சி போர்மன் சபாபதி சாரிடம்தான். ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். நெல் மில்லில் கரிவாயு எஞ்சின் ஓட்டியவர். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. உருளையின் ஏதாவது ஓரிடத்தில் விரலை வைத்து, "இங்க உள்ள என்ன நடக்குது, சொல்லும்மா" என்பார். சரியாகச் சொல்லும்வரை விரலை எடுக்கமாட்டார். சூடான இடத்தில் வைத்தாலும் அப்படித்தான். தப்பான பதில் சொன்னால் அவர் விரல் இன்னும் கொஞ்ச நேரம் வேகும். அதைப் பார்த்துக்கொண்டு எந்தப் பாடத்தை மறக்க முடியும்?

காலை வேலை இந்த வரிசையில் நடக்கும். முதலில் கீழ்க் கதவைத் திறந்து சாம்பலை வாருவது. உள்ளே கசடு கட்டியிருந்தால் கம்பியால் தட்டி உடைப்பது. பிறகு மேல்மூடி வழியாகக் கரி போடுவது. துண்டுகள் நெல்லிக்காய்க்குப் பெரிதாக, எலுமிச்சைக்குச் சிறிதாக இருக்கவேண்டும், ஈரம் ஆகாது. மண்ணெண்ணெயில் நனைத்த திரியைக் கொளுத்திக் கீழ்த் துளையில் செருகி, ஊதுவிசிறியின் கைப்பிடியைச் சுற்றவேண்டும். தோள்பட்டை கழன்றுவிடும். முதலில் கனத்த வெள்ளைப் புகை வரும். புகை மெலிந்ததும் சோதனைக் குழாயின் வாயில் தீக்குச்சியைக் காட்டவேண்டும். நீலமாக, ஆடாமல் நின்று எரிந்தால் வாயு தயார். அதன் பின் போக்குக் குழாயை மூடி, எஞ்சினைப் பெட்ரோலில் கிளப்பி, மெல்ல வாயுவுக்கு மாற்றுவோம்.

போக்குக் குழாயைப் பற்றிக் கொஞ்சம் விளக்கவேண்டும். உருளையிலிருந்து கிளம்பி, பஸ்ஸின் பின்சுவரை ஒட்டி மேலேறி, கூரைக்கு மேலே வாய் திறந்திருக்கும் குழாய் அது. கீழே திறந்து மூட ஒரு கைப்பிடி உண்டு. எஞ்சின் ஓடும்போது வாயுவை அது உறிஞ்சிக்கொண்டே இருக்கும். எங்காவது ஓட்டை இருந்தாலும் வெளிக்காற்றுதான் உள்ளே போகும். எஞ்சினை நிறுத்தினால் உறிஞ்ச எதுவும் இல்லை. கரி மட்டும் கனன்றுகொண்டிருக்கும். போக்குக் குழாய் திறந்திருந்தால் வாயு வானத்துக்குப் போகும். மூடியிருந்தால் கிடைத்த இடுக்கு வழியாகப் பஸ்ஸுக்குள் வரும். அது கண்ணை எரிக்காது. தலைவலி வரும், தலை சுற்றும், பிறகு தூக்கம். எழுப்ப ஆள் இல்லாவிட்டால் அந்தத் தூக்கம் கலையாது.

ஆகவே கரி பஸ் ஓடும்போது ஆபத்தில்லை, நின்றால்தான் ஆபத்து. நின்றதும் செய்யவேண்டியவை மூன்று: போக்குக் குழாயைத் திற, ஜன்னல் படுதாவைச் சுருட்டு, ஆட்களை இறக்கு. இதைச் சபாபதி சார் என்னை எத்தனை முறை சொல்ல வைத்திருப்பார் என்று தெரியாது.

அது ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை, மத்தியானம். மல்லசமுத்திரம் போகும் வண்டியில் நான் முன்னால், டிரைவர் மாரப்பனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மழை நாளில் தீ எப்படி நிற்கிறது என்று பார்த்து வரச் சொல்லியிருந்தார் போர்மன். வழியில் ஒரு பள்ளம் குறுக்கே போகும். எங்கள் பக்கம் ஓடையைப் பள்ளம் என்போம். அதற்கு அக்கரையில் ஓர் அம்மன் கோயில். பஸ் முழுக்க அங்கே போகும் பெண்கள், ஆண்கள் சிலர்.

"பாய்லர் அம்மிணி ஏறிட்டாங்க. இனி ரோட்டுல மேடே இருக்காது" என்றார் மாரப்பன்.

"மேடு வந்தா தள்றது நாங்கதானே மாரப்பா! டிக்கெட் வாங்கறதும் நாங்க, எருதும் நாங்க" என்று பின்னாலிருந்து ஒருவர் சொல்ல, பஸ்ஸே சிரித்தது.

பள்ளத்தை அடைவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. படுதாக்களை இறக்கிக் கயிற்றால் கட்டினார்கள். பள்ளத்தில் செந்தண்ணீர் ஓடியது. அந்த இடத்தில் எல்லா வண்டியும் எப்படியும் நிற்கும். எதிரே மேடு இருப்பதால் சாம்பல் தட்டிக் கரி போட்டுக்கொண்டுதான் ஏறுவோம். மாரப்பன் எஞ்சினை நிறுத்திவிட்டுத் தண்ணீரின் ஆழம் பார்க்க நடந்தார். கண்டக்டர் ரங்கசாமி பின்னால் போய்ப் போக்குக் குழாயின் கைப்பிடியைத் திறந்ததை முன்னாலிருந்து தலையை நீட்டி நானே பார்த்தேன். இறங்கும்படி அவர் சொன்னதற்கு, "மழையில எங்க எறங்கறது? நீ வேணா நனை" என்று பதில் வந்தது.

சற்று நேரத்தில் பின்பெஞ்சிலிருந்து குலவைச் சத்தம் கேட்டது.

ஒரு சின்னப் பெண் ஆடிக்கொண்டிருந்தாள். தலை முன்னும் பின்னும் போயிற்று. கண் பாதி மூடியிருந்தது. அவளை அணைத்துப் பிடித்திருந்த நடுவயது அம்மாள், "வந்துட்டா! ஆத்தா வந்துட்டா!" என்றார். அவர் பெயர் பாவாயி, ஆடியவள் அவர் மருமகள் ருக்குமணி என்று பிற்பாடு தெரிந்தது. மகன் பர்மாப் பக்கம் பட்டாளத்துக்குப் போனவன். கடுதாசி நின்று வெகுநாளாகியிருந்தது.

"என்ற பையன் எப்ப வருவான்? சொல்லு தாயே, சொல்லு" என்று கெஞ்சினார் பாவாயி.

ருக்குமணி ஏதோ முனகினாள். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "வாசல்ல நிக்கறாரு" என்றாள். குலவை இன்னும் ஓங்கியது.

ஆடி வெள்ளியில் பெண்கள்மேல் அருள் இறங்குவது எங்கள் ஊரில் புதிதல்ல. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அப்போது ருக்குமணிக்கு மறுபக்கத்தில் இருந்த இன்னொரு அம்மாளைப் பார்த்தேன். அவர் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். அந்தக் குலவைச் சத்தத்தில் யாராலும் தூங்க முடியாது. அவருக்கு முன் பெஞ்சில் இருந்தவர் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் எறங்குங்க. இப்பவே எறங்குங்க. உள்ள விஷவாயு இருக்குது" என்று கத்தினேன்.

"ஏனம்மிணி, சாமி வந்திருக்கறப்ப எறங்கச் சொல்றே?"

"படிச்ச புள்ளைக்குச் சாமியும் பாய்லரும் ஒண்ணு போல" என்றார் இன்னொருவர்.

நான் பின்னால் போய் ருக்குமணியின் கையைப் பிடித்தேன். பாவாயி என் கையைத் தட்டிவிட்டார். "தொடாதே! இன்னும் சொல்லட்டும். எந்த மாசம்னு கேக்கோணும்."

என் நெற்றிப் பொட்டு தெறித்தது. வாயு, கரி, நஞ்சு என்று விளக்கலாம். விளக்கி முடிக்கும்போது தூங்குகிறவர் எழுந்திருக்கமாட்டார். என்ன சொன்னால் பாவாயி எழுவார் என்று மட்டும் யோசித்தேன்.

"ஏனுங்கம்மா, சாமி வந்தவங்களைப் பெஞ்சுல உக்கார வெச்சா கேள்வி கேப்பாங்க? மண்ணுல நிக்க வெக்க வேண்டாமுங்களா? காலுக்குத் தண்ணி ஊத்த வேண்டாமுங்களா? கோயிலு எதுத்தாப்புல நிக்குது. ஆத்தா எறங்கி நடக்கறப்ப நீங்கெல்லாம் உள்ள உக்காந்திருப்பீங்களா?"

பாவாயி என்னைப் பார்த்தார். ஒரு மூச்சு நேரம்தான் இருக்கும். பிறகு உரக்கச் சொன்னார்: "எறக்குங்க! எல்லாரும் எறங்குங்க! வெசையா!"

இறங்கினார்கள். தூங்கியவரை இரண்டு ஆண்கள் தூக்கி வந்தார்கள். நான் பின்பக்கம் ஓடிப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. கூரைக்கு மேலே போக்குக் குழாயின் வாயில் கோணிச் சாக்கு கட்டியிருந்தது. முந்தின வாரம் மழை உள்ளே இறங்கித் தீ அணைந்துவிட்டதால், இந்தத் தடவை அணையக்கூடாது என்று ரங்கசாமி கட்டியிருக்கிறார். கைப்பிடி திறந்திருந்தது, வாய் அடைந்திருந்தது. கரி வாரும் கொக்கியால் சாக்கை இழுத்துக் கிழித்தேன்.

ருக்குமணி மழையில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். ஆட்டம் நின்றுவிட்டது. தூங்கிய அம்மாள் எழவில்லை. போர்மன் கற்றுக்கொடுத்தபடி அவரை மல்லாக்கப் படுக்க வைத்து, கைகளைத் தலைக்கு மேல் தூக்குவதும் மார்போடு அழுத்துவதுமாக இருந்தேன். மாரப்பன் குடை பிடித்தார். குடைத்தண்ணீர் எல்லாம் என் முதுகில் ஊற்றியது. யாரும் குலவை போடவில்லை. கை ஓய்ந்து, மாரப்பனை மாற்றிவிடலாம் என்று நினைத்த நேரத்தில் அந்த அம்மாள் இருமினார். கண்ணைத் திறந்து, "கோயிலு வந்துருச்சா?" என்று கேட்டார்.

பணிமனையில் சபாபதி சார் எல்லாவற்றையும் கேட்டார். பஸ்ஸுக்குள் ஏறிப் பின்சுவரின் ஓர் இடுக்கில் விரலை வைத்தார். நான் சொன்னேன். அந்த இடுக்குகளில் தகரம் அடிக்கச் சொன்னார். குழாயின் வாய்க்கு மழை புகாத தொப்பி செய்யச் சொன்னார். ரங்கசாமியைத் திட்டவில்லை, மூன்று விதிகளையும் என்னிடம் ஒப்பிக்கச் சொல்லிவிட்டு, அவரைப் பார்த்து, "நாளைக்கு நீ சொல்லணும்" என்றார். இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அந்த வண்டியில் ஏறக் கூட்டம் அடித்துக்கொண்டது. எல்லோருக்கும் பின்பெஞ்சு வேண்டுமாம். பட்டாளத்துக்குப் போன மகன்களின் தாய்மார், புருஷனைத் தேடுகிறவர்கள், இளம்பிள்ளை ஊரிலிருந்து கூட வந்திருந்தார்கள். மழையே இல்லாமல் படுதாவை அவர்களே இறக்கிக் கட்டினார்கள். பள்ளத்தில் வண்டி நின்றபோது யாரும் இறங்கவில்லை. ரங்கசாமி பின்னால் போனவர் கை கட்டித் திரும்பி வந்தார். போக்குக் குழாயின் கைப்பிடியை மஞ்சள் துணியால் சுற்றி, வேப்பிலை செருகி, முடிச்சுப் போட்டிருந்தது.

"நான் அவுக்கமாட்டனுங்க அம்மிணி. எனக்குப் புள்ளைகுட்டி இருக்குது."

எஞ்சினை நிறுத்தாமல், கரியும் போடாமல், உறுமவிட்டே மேட்டைத் தாண்டச் சொன்னேன். பாதி மேட்டில் ஆண்கள் இறங்கித் தள்ளினார்கள். பெண்கள் பின்பெஞ்சில் காத்திருந்தார்கள்.

கோயில் வாசலில் ஒருத்தி என்னிடமே வந்தாள். "அம்மிணி, நீங்கதானே சொன்னீங்களாமா, ஆத்தா எறங்கி நடக்கறாள்னு? பாய்லர் அம்மிணியே சொல்லிட்டாங்க, அப்பறம் என்னன்னு எங்க ஊர்ல எல்லாரும் பேசிக்கறாங்க."

அந்தச் சொல்லுக்காக நான் வருந்தவில்லை. அதே இடத்தில் மறுபடியும் நின்றால் அதையேதான் சொல்வேன். ஆனால் அது ஒருவரைக் காப்பாற்றிவிட்டு, ஒரு பஸ் ஆட்களை ஆபத்தில் உட்கார வைத்திருந்தது.

"வண்டியை மாத்தலாம்" என்றார் போர்மன் அன்று பணிமனையில். "வேற வண்டியில துணி கட்டுவாங்க. ராவோட ராவா அவுத்துடலாம். காலையில மறுபடியும் கட்டுவாங்க." கொஞ்சம் யோசித்து, "வாயுவைக் கொளுத்தி அந்த நீலச் சுடரைக் காட்டலாமா?" என்றார்.

"வேண்டாங்க சார். அதுக்கும் கற்பூரம் காட்டுவாங்க."

அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "அப்ப யாரு சொன்னா கேப்பாங்க?"

இருவருக்குமே பதில் தெரிந்திருந்தது. மறுநாள் நான் பாவாயியின் வீட்டைத் தேடிப் போனேன்.

களத்தில் நிலக்கடலை காய்ந்துகொண்டிருந்தது. பாவாயி கட்டிலை இழுத்துப் போட்டு, "வா கண்ணு, உக்காரு. மோர் குடி" என்றார். முகம் தெளிவாக இருந்தது. மகன் வந்தால் கட்டிக்கொள்ள வேட்டி எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னார். நான் மோரைக் குடிக்காமல் விஷயத்தைச் சொன்னேன். கரியிலிருந்து வருவது என்ன, குழாய் எப்படி அடைந்தது, தூங்கியவர் ஏன் தூங்கினார், அடுத்த வெள்ளிக்கிழமை என்ன நடக்கும், எல்லாம்.

"நீதானே சாமின்னு சொன்னே?"

"ஆமாங்க. நீங்க எறங்கோணும்னு சொன்னேன்."

"அப்ப அவ வாயில வந்தது?"

கடலைக்குப் பக்கத்தில் நின்றிருந்த ருக்குமணிதான் பேசினாள். "அத்தை, கனாக் கண்டாப்புல இருந்துச்சு. அவரு வாசல்ல செருப்பைக் கழட்டறாரு. தெனமும் வாற கனாதான். அப்பறம் தலைவலிதான் தெரியும்." என் பக்கம் திரும்பினாள். "தெனமும் பத்துப் பேரு வந்து என்ற கையப் புடிச்சு அவங்க பையனைப் பத்திக் கேக்கறாங்க. நான் என்னத்தைச் சொல்றது?"

பாவாயி எழுந்து களத்துக்குப் போய்க் கடலையைக் காலால் தள்ளித் திருப்பிவிட்டார். முழுக் களத்தையும் திருப்பினார். திரும்பி வந்தபோது முகத்தைப் பார்க்கவிடவில்லை.

"எனக்கு இது ஒண்ணுதான் இருந்துச்சு, அம்மிணி. அதையும் வாங்கிக்கப் போறே."

"ஆமாங்கம்மா" என்றேன். வேறு எப்படிச் சொன்னாலும் பொய்யாகியிருக்கும்.

"நீ போ. வாறதும் வராததும் என்ற இஷ்டம்."

வெள்ளிக்கிழமை போர்மனும் என்னோடு பஸ்ஸில் வந்தார். பாவாயி ஊர் நிறுத்தத்தில் நின்றார். ஏறினார். பெண்கள் நகர்ந்து பின்பெஞ்சில் நடுவிடத்தை அவருக்குக் கொடுத்தார்கள். அவர் உட்கார்ந்தார். என் பக்கம் பார்க்கவே இல்லை. பள்ளம் வரும்வரை, அவர் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாது.

வண்டி நின்றது. கரி அடியில் கொஞ்சம்தான் இருந்தது, இந்த முறை எஞ்சினை நிறுத்தாமல் போக வழியில்லை. உறுமல் அடங்கியது. படுதாக்கள் இறங்கியே இருந்தன, கைப்பிடியில் மஞ்சள் துணியும் கட்டியிருந்தது. பின்பெஞ்சில் ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு காத்திருக்கத் தொடங்கினாள். போர்மன் கைப்பிடியை நோக்கி இரண்டடி வைத்துவிட்டு நின்றார். அவர் அவிழ்த்தால் கலவரமாகும் என்று அவருக்குத் தெரியும்.

பாவாயி எழுந்தார். யாரோ, "ஏனுங்கக்கா, ஆத்தா இன்னும் வரலீங்களே" என்றார்கள். அவர் இறங்கிப் பின்னால் வந்தார். மஞ்சள் துணியின் முடிச்சு இறுகியிருந்தது, இரும்பும் சூடேறியிருந்தது. "சுடுமுங்கம்மா" என்றேன். காதில் வாங்கவில்லை. விரலை உதறி உதறி அவிழ்த்தார். நான் கைப்பிடியைத் திருப்பினேன். கூரைக்கு மேலே வாயு உஸ்ஸென்று போகும் சத்தம் கேட்டது.

அவர் படிக்கட்டில் ஏறி நின்று உள்ளே பார்த்துச் சொன்னார்:

"எல்லாரும் எறங்குங்க. அது ஆத்தா இல்லை. கரிக்காத்து. என்ற மருமவளுக்கு மயக்கம் வந்துச்சு, அவ்வளவுதான். அன்னிக்கு ஒருத்தி செத்துப் பொழைச்சா."

யாரும் அசையவில்லை. கண்ணை மூடியிருந்தவள் திறந்தாள். "அப்ப உங்க பையன் வாறான்னு சொன்னது?"

பாவாயி மஞ்சள் துணியைச் சுருட்டிக் கைக்குள் வைத்துக்கொண்டார்.

"ஆரும் சொல்லலை" என்றார். "எனக்குத் தெரியாது. எறங்கு சாமி."

முதலில் அவள்தான் இறங்கினாள். பிறகு ஒவ்வொருவராக எல்லோரும். ரங்கசாமி படுதாக்களைச் சுருட்டினார். பாவாயி கடைசி ஆள் இறங்கும்வரை படிக்கு அருகில் நின்று, வெந்த விரல்களை வாயில் வைத்துக்கொண்டிருந்தார். மஞ்சள் துணி இன்னொரு கையில் இருந்தது.

நான் ஏதோ சொல்ல அருகில் போனேன். அவர் என்னைத் தாண்டிப் பள்ளத்தில் இறங்கினார். தண்ணீர் கணுக்கால் அளவுதான் இருந்தது.

"எங்கீங்கம்மா? வண்டி அக்கரைக்குத்தானுங்க போகுது."

"நடந்தே போறேன்" என்றார், திரும்பாமல். "ஆத்தாகிட்ட மொதல்ல இருந்து கேக்கோணும்."